ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கிட்: சென்சருக்கு ஒன்பது மார்க், கூட வந்த டப்பாவுக்கு இரண்டு

பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பார்சலைப் பிரித்த கையோடு ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் பேச்சை நம்பித்தான் நானும் இந்தக் கிட்டை வாங்கினேன், அதனால் என் பங்குக்கு அந்தத் தப்பைச் செய்யாமல் பொறுத்திருந்தேன்.

பெட்ரோலிலும் எத்தனால் கலவையிலும் ஓடும்படி மாற்றிய வண்டிக்கு, எரிபொருளில் எத்தனால் எத்தனை சதவீதம் என்று அளந்து சொல்லும் கிட் இது. இதில் மூன்று சமாச்சாரம் வரும். ஒன்று எத்தனால் சென்சர். இரண்டு, அதிலிருந்து கிளம்பும் வயரிங். மூன்று, சென்சர் சொல்வதை 0 முதல் 5 வோல்ட்டாக மாற்றி ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு) அனுப்பும் ஒரு சின்னக் கறுப்பு டப்பா, அதோடு ஒரு வட்ட டிஸ்ப்ளே. விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி டப்பா வெவ்வேறு ஸ்டிக்கரோடு வருகிறது, பெயரைத் தவிர்ப்பதைவிட இந்த வகையைப் புரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். சென்சர் மட்டும் கான்டினென்டல் தயாரிப்பு, ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டிகளில் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பிய அதே ரகம். மார்க்கெட்டில் கிடைக்கும் பல கிட்களைப் பிரித்தால் உள்ளே இருப்பது இதுதான்.

வண்டி இரண்டு லிட்டர் டர்போ. கம்பெனி ஈசியூவைக் கழற்றிவிட்டு வெளி ஈசியூ போட்டு, பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப் எல்லாம் மாட்டி, பெட்ரோலுக்கு ஒரு மேப் (எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்ற அட்டவணை), எத்தனால் கலவைக்கு ஒரு மேப் என்று ட்யூன் செய்தது. சென்சர் சொல்லும் சதவீதத்தை வைத்து ஈசியூ இந்த இரண்டுக்கும் நடுவில் கலந்து எடுத்துக்கொள்ளும். இந்தச் சென்சர் இல்லாமலும் எத்தனாலில் ஓட்டலாம், ஆனால் இ85 என்று எழுதியிருக்கும் பம்பில் 85 சதவீத எத்தனால் இருக்கும் என்று நம்பக்கூடாது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி5798 தரமே அந்த எரிபொருளில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம் என்கிறது, குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகக் குறைத்துக் கலப்பார்கள். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது மேலே இதை ஊற்றினால் எவ்வளவு ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு டர்போ வண்டி ஓட்ட முடியாது.

அந்தச் சதவீதம் தப்பானால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரியாது. பெட்ரோலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் எடையில் 14.7க்கு 1. சுத்த எத்தனாலுக்கு 9க்கு 1. ஆக எத்தனால் கூடக் கூட இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும், இ85 அளவுக்குப் போனால் பெட்ரோலைவிட 30 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாக. அதோடு எத்தனால் நாக்கிங்கை (எரிபொருள் சிலிண்டருக்குள் தாறுமாறாகத் தானே வெடிப்பதை) நன்றாகத் தாங்கும் என்பதால் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளி, பூஸ்ட்டையும் (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தையும்) ஏற்றியிருப்பார் ட்யூனர். டேங்கில் பெட்ரோல் இருக்கும்போது ஈசியூ எத்தனால் என்று நினைத்தால் அந்த இக்னிஷனிலும் பூஸ்ட்டிலும் நாக்கிங் வந்து பிஸ்டன் போகும். டேங்கில் எத்தனால் இருக்கும்போது பெட்ரோல் என்று நினைத்தால் எரிபொருள் போதாமல் லீன் ஆகும். இரண்டுமே வேண்டாம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. டிஸ்ப்ளே பளிச்சென்று இருந்தது, நண்பர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு நாள் லாக் ஃபைலைத் திறந்து பார்க்கும்போது டிஸ்ப்ளேயில் நான் பார்த்த எண்ணும் ஈசியூ பதிந்துவைத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. டிஸ்ப்ளே 56, ஈசியூ 60. நாலு சதவீதம்தானே என்று விட்டுவிட்டேன். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் லாம்ப்டா சென்சர் பின்னால் இருந்து சரிசெய்துகொண்டிருந்ததால் வண்டி ஓட்டத்திலும் எதுவும் தெரியவில்லை. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது மட்டும் அந்த வித்தியாசம் வருகிறது, ஃபேன் நின்றால் ஒன்றரை சதவீதத்துக்கு இறங்குகிறது என்பதை அப்போதே கவனித்திருந்தால் பாதி தலைவலி மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது 5000 ஆர்பிஎம் தாண்டினால் எத்தனால் ஏறும். காலை அழுத்த அழுத்த 60, 63, 68. காலை எடுத்தால் மெதுவாக இறங்கி 60க்கு வந்து உட்காரும். டேங்கில் இருக்கும் எரிபொருள் ஆர்பிஎம் பார்த்து மாறாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் டர்போ வண்டியில் 5000க்கு மேல் இருக்கும்போது யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. மேடு பள்ளமான சாலையில் மூன்றாவது கியரில் பூஸ்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது டிஸ்ப்ளேயில் 0 வந்தது. அதே நொடியில் வண்டி முன்னால் போகாமல் திக்கியது. வீட்டுக்கு வந்து லாக் பார்த்தால், 0.80 இருக்க வேண்டிய லாம்ப்டா 1.02 (1 என்றால் சரியான விகிதம், அதற்கு மேலே போனால் எரிபொருள் போதவில்லை). பூஸ்ட்டில் அந்த எண்ணைப் பார்த்த பிறகு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல காலம், ஈசியூ பெட்ரோல் மேப்புக்குத் தாவியதால் இக்னிஷனும் பின்னால் வந்துவிட்டது, நானும் உடனே காலை எடுத்துவிட்டேன், டேங்கில் இருந்ததும் எத்தனால் கலவை. எதுவும் உடையவில்லை.

(சின்ன இடைச்செருகல்: லாம்ப்டா என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸாஸ்டில் மாட்டும் வைட்பேண்ட் மீட்டர் அளப்பது லாம்ப்டாவைத்தான், அதைப் பெட்ரோல் கணக்கில் 14.7ஆல் பெருக்கித்தான் எண்ணாகக் காட்டுகிறது. எத்தனால் ஊற்றிய பிறகும் மீட்டர் 14.7 காட்டுகிறதே, 9 அல்லவா காட்ட வேண்டும் என்று குழம்பியவர்களில் நானும் ஒருவன். லாம்ப்டாவுக்கு மாற்றிவைத்துக்கொள்ளுங்கள், எந்த எரிபொருளானாலும் 1 என்றால் 1.)

விற்றவரின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பதில் சீக்கிரம் வந்தது, அதற்கு ஒரு மார்க் கொடுக்கலாம். டப்பாவைக் கழற்றிவிட்டு சென்சருக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் மட்டும் கொடுத்து, சிக்னல் வயரில் மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கில்) வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், பூஜ்யம். சென்சர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். நானும் புதுசு ஒன்றை ஆர்டர் செய்யும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன்.

அந்தச் சோதனையே தப்பு. இது இந்தச் சென்சரை வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இந்தச் சென்சரின் சிக்னல் கால் தானாக வோல்ட்டேஜ் எதையும் கொடுக்காது. அது ஓப்பன் கலெக்டர். அதாவது வயரை எர்த்துக்கு இழுக்கும், விடும், இழுக்கும், விடும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. விட்ட நேரத்தில் வயரை மேலே தூக்கிப் பிடிக்க யாராவது வேண்டும், கதவைத் திறந்துவிட்டால் தானாக மூட ஸ்பிரிங் வேண்டும் இல்லையா, அது மாதிரி. அந்த வேலையைச் செய்வது புல்-அப் ரெசிஸ்டர். டப்பாவுக்குள்ளே அது இருக்கிறது. டப்பாவைக் கழற்றினால் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கழற்றியாகிவிட்டது. பிறகு மல்டிமீட்டரில் என்ன தெரியும்? நல்ல சென்சரும் செத்த சென்சரும் ஒரே மாதிரி பூஜ்யம்தான் காட்டும். இப்படி எத்தனை நல்ல சென்சர்கள் குப்பைக்குப் போயிருக்குமோ.

சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு மறுபடி பார்த்தேன். 106 ஹெர்ட்ஸ். ஆடாமல் அசையாமல்.

106 என்றால் 56 சதவீதம். கணக்கு அவ்வளவு எளிது: 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனாலே இல்லை, 150 என்றால் சுத்த எத்தனால், நடுவில் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு சதவீதம். மீட்டரில் வருவதில் 50ஐக் கழித்தால் முடிந்தது. இ20 ஊற்றியிருந்தால் 70க்குப் பக்கத்தில் வரும், நல்ல இ85க்கு 130 சொச்சம். டிஸ்ப்ளே 56 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, சென்சரும் 56 என்றுதான் சொல்கிறது. அப்படியானால் ஈசியூவில் 60 ஆனது எங்கே?

எர்த்தில். கிட்டோடு வந்த படத்தில் டப்பாவின் எர்த்தைப் பாடியில் வசதியான இடத்தில் போல்ட் போடச் சொல்லியிருந்தது. நான் வசதியான இடம் என்று பிடித்தது ஃப்யூயல் பம்புக்கும் ஃபேனுக்கும் எர்த் போயிருந்த அதே போல்ட். பம்பும் ஃபேனும் சேர்ந்து இழுக்கும் கரண்ட் அந்தப் போல்ட் வழியாக பேட்டரிக்குத் திரும்பும்போது அந்த இடத்தின் வோல்ட்டேஜே கொஞ்சம் மேலே ஏறிவிடுகிறது. மீட்டரின் ஒரு முனையை டப்பாவின் எர்த்திலும் இன்னொன்றை ஈசியூவின் சென்சர் எர்த்திலும் வைத்தேன்: எல்லாம் ஓடும்போது 0.2 வோல்ட். 5 வோல்ட்டுக்கு 100 சதவீதம் என்றால் 0.05 வோல்ட்டுக்கு ஒரு சதவீதம். 0.2க்கு நாலு. அந்த நாலு சதவீதம் அப்படியே வந்து நிற்கிறது. டிஸ்ப்ளே டப்பாவுக்குள்ளேயே கணக்குப் போடுவதால் அதற்கு இது தெரியாது. எர்த்தை ஈசியூவின் சென்சர் எர்த்துக்கு மாற்றியதும் அந்தப் பிரச்சினை போனது. மாற்ற அரை மணி நேரம், கண்டுபிடிக்க மூன்று வாரம்.

ஆர்பிஎம்மோடு ஏறும் வியாதிக்கு வயரிங்தான் காரணம். கிட்டில் வந்த சிக்னல் வயர் சாதாரண ஒற்றை வயர், ஷீல்டு (வெளிச் சிக்னல் புகாமல் தடுக்கும் உலோக உறை) கிடையாது. நான் அழகாக இருக்கட்டும் என்று இக்னிஷன் காயில் வயர்களோடு சேர்த்து ஒரே ஸ்லீவுக்குள் போட்டுக் கட்டியிருந்தேன். காயில் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பக்கத்து வயரில் ஒரு துள்ளல். அலையை எண்ணுகிற டப்பாவுக்கு உண்மையான அலை எது, துள்ளல் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எண்ணினால் ஹெர்ட்ஸ் ஏறத்தானே செய்யும். ஆசிலோஸ்கோப் இரவல் வாங்கிப் பார்த்தபோது சதுர அலையின் ஓரத்தில் முள் முளைத்த மாதிரி கோடுகள் தெரிந்தன. ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஈசியூ பக்கத்தில் மட்டும் எர்த் செய்து, காயில் பக்கமே போகாமல் வேறு வழியில் கொண்டுவந்தேன். முள் உதிர்ந்துவிட்டது. இது பாதி என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, ஷீல்டு இல்லாத வயரைக் கொடுத்து அதை எங்கே ஓட்டக்கூடாது என்று ஒரு வரிகூடச் சொல்லாதவர்களுடையது.

இனி அந்தப் பூஜ்யம். கனெக்டரில் சிக்னல் பின் சரியாகப் பூட்டாமல் பின்னால் நகர்ந்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டே கனெக்டரின் பின்பக்க வயரை ஒவ்வொன்றாக ஆட்டியபோது மூன்றாவது வயரில் பிடிபட்டது. கிரிம்ப் அடித்த (பின்னை வயரோடு நசுக்கிப் பிடித்த) இடத்தில் காப்பர் இழைகளைப் பிடிப்பதற்குப் பதிலாக மேலுறையைப் பிடித்திருந்தார்கள். வெட்டிவிட்டு புது பின் அடித்தேன். லூஸ் கான்டாக்ட் எந்தக் கம்பெனி சரக்கிலும் வரும், அதற்காக நான் இரண்டு மார்க் கொடுக்கவில்லை.

இரண்டு மார்க் ஏன் என்றால், வயர் அறுந்ததும் அந்த டப்பா என்ன செய்தது என்பதற்காக.

யோசித்துப் பாருங்கள். வயர் அறுந்தால் சிக்னல் இல்லை, 0 ஹெர்ட்ஸ். சென்சர் உயிரோடு இருந்தால் குறைந்தபட்சம் 50 ஹெர்ட்ஸ் வந்தே தீர வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்கே 50. அதை 50இல் ஆரம்பித்து வைத்திருப்பதே இதற்காகத்தான்: 0 வந்தால் பெட்ரோல் என்று யாரும் தப்பாக நினைக்கக்கூடாது, ஏதோ அறுந்துவிட்டது என்று தெரிய வேண்டும். மேல் பக்கமும் அப்படியே, சாதாரணமாக 150க்கு மேல் போகாது. 180 முதல் 190 ஹெர்ட்ஸுக்குப் போனால் எரிபொருளில் தண்ணீர் மாதிரி ஏதோ கலந்திருக்கிறது என்று சென்சரே அறிவிக்கிறது என்று பொருள். இத்தோடு நிற்கவில்லை. அதே ஒற்றை வயரில், அலையின் கீழ்ப்பகுதி எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதில் எரிபொருளின் வெப்பநிலையையும் ஒளித்துவைத்திருக்கிறார்கள். 1 மில்லி செகண்ட் என்றால் மைனஸ் 40 டிகிரி, 5 மில்லி செகண்ட் என்றால் 125 டிகிரி. ஒரே வயரில் மூன்று செய்தி. இதைச் செய்தவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த டப்பா அந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டைக் குப்பையில் போடுகிறது. அறுந்த வயருக்கும் 0 வோல்ட், சுத்தப் பெட்ரோலுக்கும் 0 வோல்ட். தண்ணீர் கலந்த எரிபொருளுக்கும் 5 வோல்ட், சுத்த எத்தனாலுக்கும் 5 வோல்ட். ஈசியூ பாவம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கு வந்தது 0 வோல்ட், அதன் அட்டவணையில் 0 வோல்ட் என்றால் பெட்ரோல், அது சரியாகத்தான் நடந்துகொண்டது. 0.5 முதல் 4.5 வோல்ட் வரைக்கும் மட்டும் சதவீதத்துக்கு வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே போனால் பழுது என்று காட்டும் டப்பாக்களும் இருக்கின்றன. என்னுடையது அப்படி இல்லை. வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் கேளுங்கள்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. என் ஈசியூவில் ஹெர்ட்ஸை நேரடியாகப் படிக்கும் டிஜிட்டல் இன்புட் சும்மா கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. டப்பாவைக் கழற்றிவிட்டு சிக்னல் வயரை நேரே அந்த இன்புட்டில் கொடுத்தேன். முதலில் ஈசியூ 0 ஹெர்ட்ஸ் என்றது, ஒரு நிமிடம் உயிரே போய்விட்டது, அப்புறம் பார்த்தால் சாஃப்ட்வேரில் அந்த இன்புட்டின் புல்-அப் அணைந்திருந்தது. ஆன் செய்ததும் வந்துவிட்டது. உங்கள் ஈசியூவில் அந்த வசதி இல்லாவிட்டால் வெளியே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெப்பநிலைக்கு இன்னொரு கூத்து. எரிபொருள் 312 டிகிரி என்று ஈசியூ காட்டியது. அலையின் கீழ்ப்பகுதியை அளக்கச் சொல்லுவதற்குப் பதிலாக மேல்பகுதியை அளக்கச் சொல்லியிருந்தேன். மாற்றியதும் 35க்கு வந்தது.

எண் சரிதானா என்பதை யாரையும் நம்பாமல் பார்க்க ஒரு பழைய வழி உண்டு, கண்ணாடி அளவுக் குழாய். 100 மில்லி குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி எரிபொருள், மூடிக் குலுக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து கீழே இறங்கும், நடுவில் கோடு தெரியும். அன்று என் கோடு 38இல் நின்றது. 10ஐக் கழித்தால் 28, அதை 90ஆல் வகுத்தால் 31 சதவீதம். ஈசியூவில் அப்போது 81 ஹெர்ட்ஸ், அதாவது 31. வெறும் குழாயில் செய்யும் வேலை என்பதால் ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும்தான், ஆனால் சென்சரைச் சந்தேகப்படும் எல்லாருக்கும் இதை முதலில் செய்யச் சொல்வேன். திறந்த வெளியில், சிகரெட் பக்கமே இல்லாத இடத்தில் செய்யுங்கள், சோதித்த எரிபொருளைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள், அதில் இப்போது தண்ணீர் இருக்கிறது.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. எட்டாவது மாதம், மூடி சரியாக மூடாத கேனில் நாளாகக் கிடந்த எத்தனாலை டேங்கில் ஊற்றினேன். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும் என்று தெரிந்தும் சோம்பேறித்தனம். சிறிது தூரம் போனதும் 183 ஹெர்ட்ஸ். ஈசியூ உடனே பழுது விளக்கைப் போட்டு பூஸ்ட்டைக் குறைத்தது. டேங்கைக் காலி செய்து பார்த்தால் அடியில் மங்கலாக ஒரு அடுக்கு. பழைய டப்பா இருந்திருந்தால் இதே நேரத்தில் 100 சதவீதம் என்று பளிச்சென்று காட்டி, இருக்கிற பூஸ்ட் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருக்கும். சென்சர் அளப்பது எரிபொருள் மின்சக்தியைச் சேமித்துவைக்கும் திறனை, அதாவது டைஎலக்ட்ரிக் மாறிலியை. பெட்ரோலுக்கு அது 2 பக்கம், எத்தனாலுக்கு 24 பக்கம், தண்ணீருக்கு 80. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே எண் எகிறுவதற்கு அதுதான் காரணம்.

காற்றுக்கு அது 1 என்பதால் குமிழி போனால் எண் கீழே விழும். நான் சென்சரை ரிட்டர்ன் லைனில் (மிஞ்சிய எரிபொருள் டேங்குக்குத் திரும்பும் குழாயில்), பிரஷர் ரெகுலேட்டருக்கு அப்புறம் மாட்டியிருக்கிறேன். முதலில் எல்லாவற்றுக்கும் மேலே உயரமான இடத்தில் வைத்தேன், சூடான இன்ஜினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பத்து விநாடி எண் தள்ளாடும். கீழே இறக்கி, குமிழி தங்காதபடி வைத்ததும் நின்றது. மெயின் லைனில் வைக்கலாமா என்றால் வைக்கலாம், ரிட்டர்னே இல்லாத வண்டிகளில் வேறு வழியும் இல்லை, ஆனால் அதிகப் பவர் எடுக்கும் வண்டியில் எல்லா எரிபொருளும் அந்த ஒரு குழாய்க்குள் புகுந்து வர வேண்டும் என்பதை ட்யூனரிடம் பேசிக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் இல்லாத வண்டியில் இன்னொன்றும் உண்டு, எரிபொருள் ஊற்றிய உடனே எண் மாறாது. லைனில் இருக்கும் பழையது எரிந்து தீர்ந்த பிறகுதான் புதியது சென்சருக்கு வரும். ஊற்றிய கையோடு பூஸ்ட் ஏற்றாமல் கொஞ்ச தூரம் மெதுவாகப் போங்கள்.

ஃபிட்டிங் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்சரின் இரண்டு பக்கமும் இருப்பது 3/8 அங்குல குவிக் கனெக்ட் குழாய். கிட்டில் வந்த அடாப்டரில் ஒன்று கிளிக் சத்தத்தோடு உட்கார்ந்தது, இன்னொன்று உட்கார்ந்த மாதிரி நடித்தது. இரண்டு நாள் லேசாகப் பெட்ரோல் வாடை, அப்புறம்தான் ஓ-ரிங் மடிந்திருப்பது தெரிந்தது. மாட்டிய பிறகு பிடித்து இழுத்துப் பாருங்கள், பம்பை மட்டும் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் ஹோஸைச் சொருகி கிளாம்ப் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது சூடான இன்ஜின் பக்கத்தில் பிரஷரில் ஓடும் எரிபொருள். ஹோஸும் எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக, பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) உள்ளுறை போட்டதாக இருக்கட்டும்.

இப்போது ஈசியூவில் இருக்கும் செட்டிங்கைச் சொல்கிறேன், அப்படியே காப்பியடிக்காமல் உங்கள் ட்யூனரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனாலோ 155க்கு மேலே போனாலோ அது பழுது. பழுது வந்தால் 0 சதவீதத்துக்கோ 85 சதவீதத்துக்கோ தாவாமல் கடைசியாக வந்த நல்ல எண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும், டேங்கில் இருப்பது ஒரு நொடியில் மாறப்போவதில்லை அல்லவா. எரிபொருளுக்கு அந்த எண். பூஸ்ட்டும் இக்னிஷனும் மட்டும் பெட்ரோல் மேப்புக்கு இறங்கிவிடும். இன்ஜினை அணைத்தாலும் அந்தக் கடைசி எண் நினைவில் இருக்க வேண்டும். ஏனென்றால் சென்சர் விழிப்பதற்கு முன்பே ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கிவிடும், எத்தனால் குளிரில் ஆவியாகத் தயங்கும் சரக்கு, காலையில் அதற்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும், அந்த நேரத்தில் எண் தப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அழவைக்கும். எண்ணுக்கு நல்ல மெதுவான ஃபில்ட்டரும் போட்டிருக்கிறேன். எத்தனால் சதவீதம் வேகமாக மாற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று. ஆனால் ஃபில்ட்டரை வைத்து வயரிங் கோளாறை மறைக்கப் பார்க்காதீர்கள், நான் ஒரு வாரம் அப்படிச் செய்து என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆக சென்சருக்கு ஒன்பது மார்க். அந்த ஒரு மார்க் குறைத்தது, குவிக் கனெக்ட் குழாயை வைத்துக்கொண்டு வெளி வண்டியில் மாட்டுவது சள்ளை பிடித்த வேலை என்பதால். பதினோரு மாதத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை, கேட்கிறவர்கள்தான் சரியாகக் கேட்கவில்லை. வயரிங்குக்கு நாலு. டப்பாவுக்கு இரண்டு, அதில் ஒன்று அந்த டிஸ்ப்ளே வெயிலிலும் தெரிகிறது என்பதற்காக. ஈசியூவில் ஹெர்ட்ஸ் இன்புட் இருக்கிறவர்கள் சென்சரையும் நல்ல கனெக்டரையும் மட்டும் வாங்குங்கள். இல்லாதவர்கள், டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சென்சர் வயரைப் பிடுங்கினால் உங்கள் டப்பா எத்தனை வோல்ட் கொடுக்கும்? பூஜ்யம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

என்னுடைய டப்பா இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது. டிஸ்ப்ளேக்காக நண்பர் ஒருவர் கேட்டார், கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன், அதன் வெளியே வரும் 0–5 வோல்ட் வயரை வெட்டி எறிந்துவிட்டு.